குரு கேட்டார், குரு கெட்டார்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாலிகஞ்சில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. கரண்டும் போய்விட்டது. டிவி இல்லை, நெட் இல்லை. நான்காவது படிக்கும் என் பையன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். இதுதான் சமயம் என்று பிடித்து உட்காரவைத்து, ஊரிலிருந்து வரும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்திருந்த பரமார்த்த குரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தான். "கு...ரு... சீ...ட...னை...க்... கெட்...டார்..."

"கெட்டார் இல்லடா, கேட்டார். இரட்டைக் கொம்பு போட்டிருக்கு பாரு."

"கெட்டார்னா என்னப்பா?"

"கெட்டுப் போயிட்டார்னு அர்த்தம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். இந்தச் சீடர்களோடு அந்தக் குரு பட்ட பாட்டை முதல் நாளே நான் சொல்லியிருந்தேன். "அப்போ கெட்டார்தான் கரெக்ட்" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவன் தமிழில் அடித்த முதல் ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்து அடித்தானா, தெரியாமல் அடித்தானா என்று கேட்காதீர்கள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். வெளியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இந்தத் தீவுகளில் தமிழர்கள் குறைவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 100 பேரில் 15 பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆனாலும் பள்ளிக்கூடம், கடைவீதி, விளையாட்டு மைதானம் எல்லாமே ஹிந்தியில்தான் நடக்கிறது. பெரியவளாவது மூன்று வயது வரை ஊரில் அவள் அப்பாயியிடம் வளர்ந்தாள். சின்னவன் போர்ட் பிளேயரிலேயே பிறந்தவன். (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது. எனக்கு வாயில் இன்னும் வரவில்லை.) வாராவாரம் ஞாயிறு சாயங்காலம் ஊருக்கு போன் போடுவோம். அம்மா தமிழில் கேட்பார், பையன் ஹிந்தியில் பதில் சொல்வான். ஒருநாள் அம்மா என்னிடம், "பேரன் பேசுறது அந்தக் காலத்து தூர்தர்ஷன் ஹிந்தி நியூஸ் கேக்குற மாதிரி இருக்குடா. சத்தம் நல்லாத்தான் இருக்கு, சேதிதான் புரியல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரமார்த்த குரு கதையைக் குழந்தைக் கதை என்றே நாம் வைத்திருக்கிறோம். அது எழுதப்பட்டது குழந்தைகளுக்காக அல்ல. தமிழ் தெரியாமல் வெளியிலிருந்து வந்தவர்களுக்காக. இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தபோது, என் பையனுக்கென்றே யாரோ 300 வருஷம் முன்னால் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 30 வயதை ஒட்டிக் கப்பலேறி வந்து, 1747-ல் இறக்கும்வரை திரும்பிப் போகாமல் இங்கேயே வாழ்ந்த ஏசு சபைப் பாதிரியார். எங்கள் அரியலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியில்தான் அவர் பல காலம் இருந்தார். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து ஒரு கலம்பகமே பாடினார். சின்ன வயதில் அந்த மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். ராட்டினமும் பொரியும்தான் ஞாபகம். நான் வீட்டில் கேட்ட குதிரை முட்டைக் கதைக்குச் சொந்தக்காரர் இந்த ஊர்க்காரர்தான் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் அப்பாயிக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு அது அவருடைய அப்பாயி சொன்ன கதை.

வந்த ஊரின் மொழியைப் பெஸ்கி எப்படிக் கற்றார் என்பதற்குத் தேம்பாவணி சாட்சி. அகராதியும் போட்டார், இலக்கணமும் எழுதினார். அதிலும் பேச்சுத் தமிழுக்கென்று, அதாவது கொடுந்தமிழுக்கென்று, லத்தீனில் தனியாக ஓர் இலக்கணம். பின்னால் வரும் பாதிரிமார்கள் சந்தையிலும் திண்ணையிலும் ஜனங்களோடு பேசவேண்டுமே, அதற்காக. அவரோடு ஓயாமல் மதச் சண்டை போட்டுக்கொண்டிருந்த தரங்கம்பாடி லுத்தரன்காரர்களே அதைத் தங்கள் அச்சகத்தில் அச்சடித்துக்கொண்டார்கள் என்றால், புத்தகம் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கவேண்டும்!

இலக்கணம் இருந்தால் போதுமா? படித்துப் பழக ஒரு கதை வேண்டாமா? அப்படிப் பேச்சு நடையில் பழகுவதற்காகச் செய்துகொடுத்ததுதான் பரமார்த்த குரு கதை. பாதிரியார் ஆயிற்றே, பக்திக் கதை எதையாவது கொடுத்திருக்கலாம். அவர் கொடுத்தது ஒரு மக்குக் குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற 5 சீடர்களையும். பெயரிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. முட்டாளுக்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்பது முதல் பாடத்திலேயே மாணவனுக்குத் தெரிந்துவிடும்!

அவர் காலத்துக்குப் பிறகு பெஞ்சமின் பாபிங்டன் என்ற மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு சேர்த்து 1822-ல் லண்டனில் இதை அச்சிட்டார். அதுவும் தமிழ் படிக்க வரும் கம்பெனி ஆட்களுக்கு உதவுகிற பதிப்புதான். 1826-ல் பாரிஸில் துபுவா பாதிரியார் பஞ்சதந்திரக் கதைகளோடு இதையும் சேர்த்து பிரெஞ்சில் போட்டார். அதற்குப் பிறகுதான் மெதுவாகப் பெரியவர்கள் கையிலிருந்து நழுவிப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கதை ஊரறிந்ததுதான். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பது (நான் எப்போதும் கொள்ளிடத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்), பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவது, அது விழுந்து உடைந்த புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்துவது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, ஆற்றைத் தாண்டியபின் தலை எண்ணுகிற கதை. குருவோடு சேர்த்து 6 பேர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் 5 தான் வரும். யார் எண்ணினாலும் 5. ஒருத்தனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று உட்கார்ந்து அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, மந்திரத்தால் ஆளை வரவழைப்பதாகச் சொல்லி, முதுகில் ஆளுக்கு ஓர் அடி போட்டு எண்ணுகிறான். கணக்கு சரியாகிவிடுகிறது.

இதே கதை இங்கிலாந்தில் கோதம் என்ற ஊர் முட்டாள்கள் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே மீன் பிடிக்கப்போன 12 பேர், எண்ணினால் 11. நம் வேதாந்தத்திலும் இருக்கிறது. ஆற்றைக் கடந்த 10 பேரில் பத்தாவது ஆளைத் தேடி அழுகிறவனிடம் 'பத்தாமவன் நீதான்' என்று சொல்லும் உவமையை 14-ஆம் நூற்றாண்டுப் பஞ்சதசியில் காணலாம். ரமணரும் சொல்லியிருக்கிறார். அங்கே அது ஆத்ம விசாரம், இங்கே முதுகில் அடி. பெஸ்கி எங்கிருந்து எடுத்தார் என்ற விசாரணையில் எனக்கு ஆர்வமில்லை. இத்தாலியில் கேட்டது பாதி, ஏலாக்குறிச்சித் திண்ணையில் கேட்டது பாதி என்றே வைத்துக்கொள்வேன். சைவ மடங்களைக் கிண்டல் செய்யத்தான் எழுதினார் என்று கோபப்படுபவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு மடமும் தெரியாது, பாதிரியும் தெரியாது. பெரிய மனுஷன் ஒருத்தன் தப்பாக எண்ணுகிறான், அது எனக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் பிள்ளை பெரியவர்களைவிட உயரம்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். இந்தச் சீடர்கள் குறும்புக்காரர்களே இல்லை. ரொம்ப நல்ல பிள்ளைகள், சொன்னதைச் செய்பவர்கள். குறும்பு முழுவதும் கதை சொல்பவரிடம் இருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்த தலைப்பாகையை ஏன் எடுக்கவில்லை என்று குரு திட்டுகிறார். நீங்கள் சொல்லவில்லையே என்கிறார்கள். விழுவதை எல்லாம் எடுங்கள் என்கிறார். குதிரை போட்ட சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் எதை எதை எடுக்கவேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். அடுத்து குருவே குழியில் விழுகிறார். பட்டியலைப் பார்த்து வேட்டியை எடுத்தார்கள், தலைப்பாகையை எடுத்தார்கள். குரு என்ற ஐட்டம் பட்டியலில் இல்லை. குழியில் கிடந்தபடியே ஓலையை வாங்கித் தன் பெயரை எழுதிச் சேர்த்த பிறகுதான் தூக்கினார்கள்.

இந்த இடத்தில் பையன் லேசாகத்தான் சிரித்தான். நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனுக்குச் சர்க்குலர் தெரியாது, எனக்குத் தெரியும். 20 வருஷத்துக்கு மேல் அதில்தான் சோறு. இங்கே வந்த புதிதில், கட்சால் தீவிலிருந்து கப்பலேறி வந்த ஓர் அம்மா கணக்கு தொடங்கப் படிவம் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கம் மாதிரியே பேச்சு. கதவு எண் என்ற கட்டம் காலியாக இருந்தது. "எங்க பக்கம் வீட்டுக்கு நம்பர் கிடையாதுங்க சார்" என்றார். கட்டம் காலியாக இருந்தால் எடுக்கமுடியாது என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை வந்தபோது 7 என்று எழுதியிருந்தார். எப்படிம்மா கிடைத்தது என்றேன். "நானே பெயின்ட் வாங்கி எழுதிட்டேங்க. கேட்டா இருக்கணும்ல" என்றார். கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். மட்டியும் மடையனும் நினைவுக்கு வந்தது பல வருஷம் கழித்து, இந்தப் புத்தகத்தை மறுபடி படிக்கும்போதுதான்.

சொன்னதை மட்டும் செய்யும் இந்த வம்சம் அழியவில்லை. என் பையனுக்குப் பரமார்த்த குருவுக்கு முன்பே சுப்பாண்டியைத் தெரியும். இங்கிலீஷில் டிங்கிள் படிப்பான். சுப்பாண்டி 1983-ல் டிங்கிளில் முதலில் வந்தபோது, அந்தக் கதைகளை எழுதி அனுப்பியவர் திருச்சிக்காரர், பி. வரதராஜன். மாடல் நம் நாட்டுப்புற மக்குதான். "சுப்பாண்டி நம்ம ஊர்க்காரன்டா" என்றதும் பையன் நம்பவே இல்லை. திருச்சியிலிருந்து பம்பாய்க்குப் போய் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு அந்தமானுக்கு வந்திருக்கிறான், அவனும் நம்மைப்போல மாற்றலாகி வந்தவன்தான் என்றேன்.

பக்கத்து வீட்டில் கொல்கத்தாக்காரர்கள். இந்தக் கதையெல்லாம் பேச்சில் வந்தபோது அந்த வீட்டு தாதா உள்ளே போய் சுகுமார் ராயின் 'பாக்லா தாஷு' புத்தகத்தை எடுத்துவந்தார். சத்யஜித் ராயின் அப்பா சுகுமார். 1923-ல் 36 வயதுகூட முடியாமல் இறந்துபோனவர். 'சந்தேஷ்' என்ற குழந்தைப் பத்திரிகையில் எழுதிய கதைகள், புத்தகமாக வந்தது 1940-ல். தாஷு பள்ளிக்கூடத்துப் பையன், நிஜக் குறும்பன். ஒரு கதையில் ராம்பதா என்ற பையன் கொண்டுவந்த இனிப்பைத் தாஷுவைத் தவிர எல்லோரும் சாப்பிடுகிறார்கள். காலியான அந்த இனிப்புப் பானையில் தாஷு சீனப் பட்டாசைப் போட்டு, தூங்கும் பண்டிதரின் நாற்காலிக்கு அடியில் வைத்து வெடிக்கவிடுகிறான். பிடித்து விசாரித்தால், பட்டாசு என்னுடையது, பானை அவனுடையது, என் மேல் தப்பென்றால் அவன் மேலும் தப்பு என்று வாதாடுகிறான். கூட்டுப் பொறுப்பு! லோன் டாகுமெண்ட்டில்கூட இவ்வளவு தெளிவாக எழுதமுடியாது.

தாதா வாசித்துக் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நம்மிடம் இப்படி ஒரு பள்ளிக்கூடப் பையன் எங்கே? யோசித்துப் பார்த்தால், அச்சு அசலான நம் பையன் சுவாமிநாதன்தான். அவனை இங்கிலீஷில் எழுதிவிட்டார் ஆர்.கே. நாராயண். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். 1930-ல் பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் எழுத உட்கார்ந்தார். 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' கிரஹாம் கிரீன் கைக்குப் போய்ச் சேர்ந்து 1935-ல் லண்டனில் வெளியானது. அதில் மால்குடி பையன்கள் கிரிக்கெட் சாமான் கேட்டு மெட்ராஸ் மவுண்ட் ரோடு கடைக்குக் கடிதம் போடுகிறார்கள். 25 சதவீதம் முன்பணம் அனுப்பினால் மீதி வி.பி.பி.யில் என்று கடையிலிருந்து பதில் வருகிறது. பையன்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வேறு யாருக்கோ போகவேண்டிய கடிதம் என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பி.காம். முதல் வருஷம் வணிகக் கடிதப் பாடம் நடத்தியபோது நான் முழித்த முழியும் அதேதான்.

தமிழில் குழந்தைப் பத்திரிகை இல்லாமல் இருந்ததில்லை. அம்புலிமாமா 1947-ல் வரத் தொடங்கியது, கோகுலம் 1972-ல் வரத் தொடங்கியது. அரிமளத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி வாண்டுமாமா என்று பெயர் வைத்துக்கொண்டு 2014-ல் இறக்கும்வரை நமக்காக எழுதிக் குவித்தார். பெயரிலேயே வாண்டு. ஆனாலும் என் வாசிப்பில், அந்தப் பக்கங்களில் ராஜாவும் மந்திரவாதியும் துப்பறிபவனும் வந்த அளவு, வாத்தியார் நாற்காலிக்கு அடியில் பட்டாசு வைக்கிறவன் வரவில்லை. நடுவில் ஒரு நீதி வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் காலத்தின் பெரிய குறும்பன் மதனின் ரெட்டை வால் ரெங்குடு. அவன் குடியிருந்ததோ பெரியவர்கள் படிக்கும் ஆனந்த விகடனில். அப்பா படித்துவிட்டுப் போட்டபிறகு நாங்கள் எடுத்துப் பார்ப்போம். பிள்ளைக் குறும்பைப் பெரியவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்டார்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது :-)

கெட்டார் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இன்று நாம் தனித்தனியாக எழுதுகிறோமே, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று பிரித்திருக்கிறோமே, அந்தச் சீர்திருத்தம் வீரமாமுனிவர் செய்தது என்பார்கள். அதற்கு முன் குறிலுக்கு மேலே புள்ளி வைக்கவேண்டும் என்பது விதி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவார்கள். அப்போது கேட்டாரும் கெட்டாரும் பார்வைக்கு ஒன்றுதான், இடம் பார்த்துப் படிக்கவேண்டும். வெளியூர்க்காரராக வந்து எழுத்துக் கூட்டித் தடுமாறிய ஒருவருக்குத்தான் அந்தக் கஷ்டம் உறைத்திருக்கிறது. என் பையன் தடுக்கி விழுந்ததும் அதே கொம்பில்.

அந்த மழை ஞாயிறு முடிந்து அடுத்த வாரம் போனில் அம்மாவுக்குக் குதிரை முட்டைக் கதையை அவனே சொன்னான். பாதி தமிழ், கால்வாசி ஹிந்தி, மீதி கையசைப்பு. (போனில் கையசைப்பு தெரியாது என்பது அவனுக்கு ஞாபகமில்லை.) அம்மாவுக்குத் தெரியாத கதையா? தெரியாத மாதிரியே கேட்டார். "பூசணிக்காய்ல இருந்து எப்படிடா குதிரை வரும்?" என்றார். "அப்பாயி, அவங்க மக்கு, அப்பாயி! உங்களுக்குப் புரியல!" என்று கத்தினான். முதல் தடவையாகத் தொடர்ந்து 10 நிமிஷம் பேசினார்கள். நான் அந்த அறையிலிருந்து மெதுவாக வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் லீவில் ஊருக்குக் கிளம்பினோம். விமான நிலையத்தில் நல்ல கூட்டம். செக்-இன் வரிசையில் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது பையன் உரக்க எண்ண ஆரம்பித்தான். அக்காவைக் காட்டி "ஒண்ணு", அம்மாவைக் காட்டி "ரெண்டு", என்னைக் காட்டி "மூணு". பிறகு இடி விழுந்த மாதிரி, "அம்மா! நாம நாலு பேர்ல்ல? ஒருத்தரைக் காணோம்!" என்றான். என் மனைவி ஒரு விநாடி நிஜமாகவே பதறித் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எங்களுக்குப் பின்னால் லுங்கியும் கைப்பையுமாக நின்றிருந்த பெரியவர் ஒருவர், அதுவரை யாரோடும் பேசாமல் இருந்தவர், குனிந்து அவனிடம் சொன்னார்:

"முதுகுல ஆளுக்கு ஒண்ணு போட்டா கணக்கு சரியாயிடும் தம்பி. போடட்டுமா?"